ஜனியின் திருகையும் எங்கம்மாவின் பாட்டும்

காரைக்கால் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு பேர்தான் நினைவுக்கு வருவார்கள். ஒருவர் திருநள்ளாற்றுச் சனீஸ்வரன். இன்னொருவர் காரைக்கால் அம்மையார். ஆனி மாதப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா நடக்கும். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். கீழே நிற்கிற கூட்டம் முட்டி மோதிப் பிடிக்கும். அற்புதத் திருவந்தாதி பாடிய ஒரு பெண்ணை இப்படிக் கொண்டாடுகிற ஊர் எங்களுடையது. 'காரைக்கால் பேய்' என்று தன் பாட்டில் தானே பெயர் வைத்துக்கொண்டவர் அவர். அழகையும் குடும்பத்தையும் உதறிவிட்டு நடந்தவர். அதில் எனக்கும் பெருமைதான்.

ஆனால் எம்.ஏ. தமிழ் படிக்கும்போது பெரியபுராணத்தின் இந்தப் பகுதியில் எனக்கு வேறொரு கேள்வி வந்தது. புனிதவதி பெருவணிகர் தனதத்தனின் மகள். கணவன் பரமதத்தன் பாண்டிநாட்டில் வேறு பெண்ணை மணந்து வாழ்கிறான் என்று தெரிந்ததும் சுற்றத்தார் அவரை மணிச்சிவிகையில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். சேக்கிழார் சிவிகையின் அழகைச் சொல்கிறார். அதைத் தூக்கிய தோள் யாருடையது? அந்த வீட்டில் நெல் குத்தியது யார்? கொல்லையில் எச்சில் பாத்திரத்தோடு உட்கார்ந்தவள் யார்? குடும்பத்தை உதறிவிட்டு நடக்க அம்மையாரால் முடிந்தது. அந்தக் குடும்பத்தின் கொல்லையிலேயே நின்றுவிட்டவள் ஏதாவது பாடினாளா?

சங்க இலக்கியத்தில் உழைக்கும் சாதிப் பெண்கள் இல்லாமல் இல்லை. வெண்ணிக் குயத்தியார் இருக்கிறார், குறமகள் இளவெயினி இருக்கிறார். ஆனால் அடுத்தவர் வீட்டில் ஏவல் செய்தவளுக்குக் கதவு சாத்தியிருக்கிறது. சாத்தியது இலக்கணமே. அடியோரும் வினைவலரும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிற்க வேண்டியவர்கள் என்கிறது தொல்காப்பியம். அவர்களுக்குக் கைக்கிளையும் பெருந்திணையும் போதுமாம். ஏன் என்று உரையாசிரியர் இளம்பூரணர் காரணம் சொல்கிறார்: பிறர்க்குக் குற்றேவல் செய்கிறவர்களால் அறம், பொருள், இன்பம் மூன்றும் வழுவாமல் நடக்க முடியாது, அவர்களுக்கு நாணமும் குறைவு. வகுப்பில் இதைப் படித்துக்காட்டியபோது யாரும் அசையவில்லை. வேலைக்காரியின் பிள்ளை ஒன்று அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அந்த உரைக்குத் தெரியாது.

அகப்பாட்டுகளில் ஓயாமல் பேசுகிறவள் தோழி. அவளைச் செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். தலைவியை வளர்க்க வந்தவளின் மகள். தூது போகிறாள், பொய் சொல்கிறாள், வாசலில் நின்று வாயில் மறுக்கிறாள். எல்லாம் தலைவிக்காக. தோழிக்கென்று ஒரு காதல் உண்டா, ஒரு வலி உண்டா என்று பாடின பாட்டு எது? ஏவல் பெண்ணின் குரலை இரவல் வாங்கி எழுதினார்கள். அவள் சொந்தமாகப் பேச வேண்டியது பாக்கி இருக்கிறது என்பது என் வாசிப்பு.

சொந்தமாகப் பேசினவள் ஒருத்தி மராத்தியத்தில் இருந்தாள். தலித் இலக்கியம் என்றதும் நாமெல்லாம் மராத்தியைத்தான் பார்த்தோம். 1972இல் எழுந்த தலித் பேந்தர்களையும் நாம்தேவ் தசாலையும் தமிழில் தேடித்தேடிப் படித்தோம். அவர்களுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்னால் அதே மொழியில் ஒரு வேலைக்காரி பாடியிருக்கிறாள். பெயர் ஜனாபாய். அவள் தன்னைச் சொல்லிக்கொள்வது ஜனி.

கோதாவரிக் கரையில் கங்காகேட் என்ற ஊரில் தாழ்த்தப்பட்ட குடும்பமொன்றில் பிறந்தவள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே பண்டரிபுரத்துக்குக் கொண்டுவரப்பட்டு, தாமாசேட்டி என்ற தையற்காரர் வீட்டில் வேலைக்கு விடப்பட்டாள். அந்த வீட்டுப் பிள்ளைதான் பின்னாளில் பெரிய பக்திக் கவியான நாமதேவர். நாமதேவர் பாடினார், ஜனி அந்த வீட்டில் மாவரைத்தாள், நெல் குத்தினாள், கூட்டினாள், துணி துவைத்தாள், சாணி பொறுக்கி வறட்டி தட்டினாள். பாடவும் செய்தாள். முந்நூறுக்கு மேற்பட்ட அபங்கப் பாடல்கள் அவள் பெயரில் இன்று கிடைக்கின்றன. தனி நூலாக அல்ல, நாமதேவர் பாடல் தொகுப்போடு ஒட்டிக்கொண்டுதான் அவை வந்து சேர்ந்தன.

வேலை முடிந்த பிறகு எழுதிய பாட்டுகளாக அவை தெரியவில்லை. வேலைக்காரிக்கு வேலை முடிகிற நேரம் என்று ஒன்று ஏது? திருகை சுற்றுகிறபோது, உலக்கை விழுகிறபோது, அந்த வேகத்திலேயே பிறந்த பாட்டுகள். அவளுடைய விட்டலன் கருவறையில் நின்று ஆசி வழங்குகிற சாமி அல்ல. அவளோடு உட்கார்ந்து மாவரைக்கிறான். குப்பையைக் கூடையில் அள்ளுகிறான். சாணி பொறுக்கப் பின்னாலேயே வருகிறான். தலை சீவிப் பேன் எடுத்துவிடுகிறான். நம் பக்தி இலக்கியத்தில் மனிதர்கள் கடவுளுக்கு அடிமையாவார்கள். இங்கே கடவுள் வேலைக்காரிக்கு உதவியாள் ஆகிறான்.

இதை எங்கள் பக்கத்துப் பெண்களிடம் சொன்னேன். வீட்டு வேலைக்குப் போகிறவர்களை வாரம் ஒருநாள் சாயங்காலம் கூட்டி உட்கார்ந்து பேசுவோம். கதையைக் கேட்டுவிட்டு ஓர் அம்மா கேட்டார்: "சாமி வந்து மாவரைச்சாரு, சரி. சம்பளத்த யாரு வாங்குனா?" எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஜனிக்குச் சம்பளம் ஏது? சோறுதான். பாட்டில் உள்ள அதிசயத்துக்கு அடியில் இருப்பது இதுதான்: கூட வேலை செய்ய ஒரு ஆள் இல்லாத தனிமை. அந்த வேலையை ஒருத்தியால் செய்து முடிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். மனுசர் யாரும் வரவில்லை. சாமியை இழுத்து உட்கார வைத்தாள்.

நாணம் குறைவு என்றாரே இளம்பூரணர், அவருக்கும் ஜனியிடம் பதில் இருக்கிறது. தலையில் போட்டிருக்கிற முந்தானை தோளுக்குச் சரிந்தால் சரியட்டும், அப்படியே நான் கடைத்தெருவில் நடப்பேன், கையில் தாளத்தோடு போவேன் என்கிற பொருளில் அவள் பாடிய பாட்டு மராத்தியத்தில் புகழ்பெற்றது. நாணத்தை வைத்துத்தான் அடிமைப் பெண்ணைத் தாழ்த்துகிறீர்களா, அந்த நாணமே எனக்கு வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டாள்.

ஜனியைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் ஒன்று என்னைத் தூங்கவிடாதது. ஒருநாள் இரவு விட்டலன் அவள் இடத்துக்கு வந்து வேலை செய்துவிட்டு, விடியப்போகிற அவசரத்தில் தன் கழுத்துப் பதக்கத்தை மறந்து அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். காலையில் கோயிலில் நகையைக் காணோம். பூசாரிகள் நேராக ஜனியிடம் வந்தார்கள். பதக்கம் அங்கே இருந்தது. வேலைக்காரி திருடிவிட்டாள். விசாரணை ஏதும் இல்லை, கழுவேற்றத் தீர்ப்பாயிற்று. கழுமரத்தின் முன்னால் அவள் பாடினாள், கழுமரம் தண்ணீராக உருகி ஓடியது என்று கதை முடிகிறது.

பக்தர்கள் இதை அற்புதம் என்பார்கள். வீட்டு வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணுக்கும் இது அற்புதம் அல்ல, அனுபவம். கழுமரம் வரைக்கும் அனுபவம். உருகினது மட்டும்தான் கதை.

எங்கம்மா முதலில் நடவுக்குப் போனவள். கடைமடைக்குத் தண்ணி வருவது குறைந்து குறுவையும் பொய்த்துப்போன வருசங்களில் வயல் வேலை சுருங்கியது. எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக டவுனுக்குள் வீட்டு வேலைக்குப் போனார்கள். அம்மாவும் போனாள். கொல்லை வழியாகப் போய்க் கொல்லை வழியாக வருகிற வேலை. பத்துப்பாத்திரம், துணி, வாசல் தெளிப்பது. அவளுக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் கொல்லைச் சுவர் மாடத்தில் கவிழ்ந்திருக்கும். நடவில் கூட்டமாகப் பாடினவள், துவைக்கிற கல்லில் தனியாகப் பாடினாள். "கை ஓடணும்னா வாய் ஓடணும்டி" என்பாள். குழவிக்கு ஒரு மெட்டு, துணிக்கு ஒரு மெட்டு. அந்த வீடுகளில் கிரைண்டர் வந்ததும் குழவி மெட்டு நின்றுபோயிற்று.

ஒரு வீட்டில் தங்கத் தோடு ஒன்று காணாமல் போனது. அம்மாவை நடுக்கொல்லையில் நிறுத்தினார்கள். மடியை அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். முந்தானை முடிச்சில் இருந்த சில்லறையைக் கொட்டிப் பார்த்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயசு, கூடவே நின்றேன். போலீசில் சொல்லிவிடுவோம் என்றார்கள். "நான் எடுக்கலைங்கம்மா" என்பதைத் தவிர அம்மா வேறு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள், துவைக்கிற கல்லடியில் தண்ணீர் போகிற பொந்து அடைத்துக்கொண்டதென்று குத்தியபோது தோடு வெளியே வந்தது. ஆளனுப்பினார்கள். "தோடு கெடச்சிடுச்சாம். நாளைலேருந்து வந்துடச் சொன்னாங்க." அவ்வளவுதான் சேதி. ஜனிக்குக் கழுமரம் தண்ணீராக உருகியதாம். எங்கம்மாவுக்குச் சாக்கடைத் தண்ணீர் சாட்சி சொன்னது.

அம்மா அந்த வீட்டுக்குப் போகவில்லை. அன்று ராத்திரி வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி மெட்டில் ஒரு பாட்டுக் கட்டினாள். தோட்டைப் பார்த்துக் கேட்கிற மாதிரிப் பாட்டு. மூணு நாள் எந்த மெத்தையில் படுத்திருந்தாய், உனக்குக் காது இருக்கிறதே, என்னை அவர்கள் பேசினதெல்லாம் கேட்டதா என்று போகும். அதை நான் எழுதி வைத்திருக்கிறேன். காதில் போடுகிற தோட்டுக்கே காது வைத்த அந்தக் கற்பனையை எனக்கு எந்தப் பாடநூலும் சொல்லித்தரவில்லை.

இது ஒரு வீட்டின் கெட்ட குணம் என்று முடித்துவிட முடியாது. சட்டமும் அப்படித்தான் நினைக்கிறது. 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தில் சாதாரணத் திருட்டுக்கு மூன்று ஆண்டுவரை தண்டனை. வேலைக்காரர் எஜமானின் பொருளைத் திருடினால் ஏழு ஆண்டுவரை. அதற்கென்றே 381ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் அந்தச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பெயர் மாறியது, 306ஆம் பிரிவாக அதே ஏழு ஆண்டு அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. வேலைக்காரி மேல் பொய்ப்பழி போடுகிற எஜமானுக்கென்று தனிப்பிரிவு எதுவும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்குக் கண்ணியமான வேலை வேண்டுமென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் அதை ஏற்புறுதி செய்யவில்லை.

ஜனியின் பாட்டுக்குத் திரும்புவோம். அவள் பாட்டு முடிகிற இடத்தில் பெரும்பாலும் ஒரு முத்திரை இருக்கும்: நாமாவின் தாசி ஜனி. தாசி என்றால் இங்கே நாம் நினைக்கிற பொருள் அல்ல, அடிமை வேலைக்காரி. எஜமானின் பெயரைச் சொல்லித்தான் அவள் தன் பெயரைச் சொல்கிறாள். அந்த முத்திரைதான் அவள் பாட்டைக் காப்பாற்றியது. நாமதேவரின் பெயர் இல்லாமல் ஒரு வேலைக்காரியின் பாட்டை யார் ஓலையில் எழுதி அடுத்த தலைமுறைக்குக் கொடுத்திருப்பார்கள்? அதே முத்திரைதான் அவளைக் கட்டியும் போட்டது. நாமதேவரின் பாடல்கள் சீக்கியரின் குரு கிரந்த சாகிப் வரை ஏறிப்போயின. ஜனியின் பாட்டுக்கு அங்கே இடம் இல்லை.

இது ஜனிக்கு மட்டும் நடந்ததல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டு, 1761இல் பாஸ்டன் துறைமுகத்தில் ஏழெட்டு வயசில் விற்கப்பட்ட சிறுமி பில்லிஸ் வீட்லி. பில்லிஸ் என்பது அவளை ஏற்றிவந்த கப்பலின் பெயர், வீட்லி என்பது அவளை வாங்கின குடும்பத்தின் பெயர். வீட்டு வேலைக்கு வாங்கப்பட்டவள் ஆங்கிலத்தில் கவிதை எழுதினாள். 1773இல் இலண்டனில் அவள் நூல் வந்தபோது, இந்தக் கவிதைகளை எழுதியது இந்த அடிமைப் பெண்தான் என்று பாஸ்டனின் பெரிய மனிதர்கள் பதினெட்டுப் பேர் கையெழுத்திட்ட சான்றிதழ் முன்னால் அச்சாகியிருந்தது. மாசசூசெட்ஸ் ஆளுநரும் அதில் ஒருவர். கவிதையையும் அவள் திருடியிருப்பாள் என்ற சந்தேகத்துக்குத்தான் அந்தச் சான்றிதழ். அதன் பிறகு விடுதலை கிடைத்தது. இரண்டாம் தொகுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை. கடைசிக் காலத்தில் தங்கும் விடுதி ஒன்றில் எடுபிடி வேலை பார்த்து, முப்பது வயசைத் தொட்ட நிலையில் 1784இல் செத்துப்போனாள்.

நம் காலத்தில் பேபி ஹால்தார். வங்காளத்தில் சிறுமியாகவே கட்டிக்கொடுக்கப்பட்டு, அடியும் உதையும் பட்டு, மூன்று பிள்ளைகளோடு ரயிலேறி டில்லிப் பக்கம் வந்தவர். குர்கானில் அவர் வேலை பார்த்த வீட்டுக்காரர் பிரபோத் குமார், மானிடவியல் பேராசிரியர், பிரேம்சந்தின் பேரன். புத்தக அலமாரியைத் துடைக்கிறபோது இந்தப் பெண் நின்று பார்க்கிறதைக் கவனித்து, படிக்கப் புத்தகமும், எழுத நோட்டும் பேனாவும் கொடுத்தார். அப்படி எழுதப்பட்ட 'ஆலோ ஆந்தாரி' 2002இல் இந்தியிலும் 2006இல் ஆங்கிலத்திலும் வந்து உலகம் சுற்றியது. நல்ல மனிதர்தான். ஆனால் அலமாரியில் புத்தகம் இருக்கிற வீடு எத்தனை? நின்று பார்த்ததற்குத் திட்டு வாங்கினவர்கள் எத்தனை பேர்? வேலைக்காரியின் எழுத்து வெளியே வர எஜமானின் நல்ல மனசு என்ற அதிர்ஷ்டம் வேண்டியிருக்கிறது. அதிர்ஷ்டத்தை இலக்கிய வரலாறு என்று நாம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மூன்று பேருக்கும் இன்னொன்று பொது. மூவருமே பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள். எங்கள் ஊருக்கும் இந்தக் கதை உண்டு. அடிமை முறையை 1848இல் ஒழித்த பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் கரும்புத் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளைப் பிடித்தது புதுச்சேரியிலும் காரைக்காலிலும். ரீயூனியனுக்கும் மர்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கப்பல்கள் போயின. குவாதலூப்புக்கு மட்டும் 1854 முதல் 1889 வரை நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்கள் கொண்டுபோன சாமிகள் அங்கே இருக்கின்றன. அவர்களோடு போன பெண்கள் முதலாளி வீட்டு அடுப்படியில் என்ன பாடினார்கள்? நாமதேவர் போல ஒரு வீட்டுக்காரர் அங்கே இல்லை. இன்றைக்கு இந்தக் கரையோரத்துப் பெண்கள் வளைகுடா நாட்டு வீடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். போனில் குரல் வருகிறது. அழுகை வருகிறது. பாட்டும் வருகிறதா என்று கேட்க ஆள் வேண்டாமா?

அம்பேத்கர் 1948இல் தன்னுடைய 'தீண்டத்தகாதோர்' நூலை நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளா மூவர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். ஒருவர் நம் சோழநாட்டுப் புலையர். ஒருவர் ஜனி வாழ்ந்த அதே பண்டரிபுரத்துக் கோயில் வாசலோடு நிறுத்தப்பட்ட மகார். நந்தனையும் சொக்கனையும் நாம் மீட்டெடுத்தோம். கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களைப் பற்றி நிறையப் பேசினோம். வீட்டுக் கொல்லையில் நிறுத்தப்பட்டவள் இன்னும் கணக்கில் வரவில்லை. தீண்டாமை அவளைத் தள்ளி மட்டும் நிறுத்தவில்லை. உள்ளே கூப்பிட்டு, எச்சிலைத் தொடவைத்து, டம்ளரை மட்டும் தனியே கவிழ்த்தது. அதனால்தான் அவளுக்குத் தெரிந்தது கோயில் வாசலில் நின்றவர்க்குத் தெரியாது. சாதி வீட்டுக்குள் எப்படி உண்டு உறங்குகிறது என்று அவளிடம்தான் கேட்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. மராத்தியத்தில் ஹேமா ராய்ர்கரும் கீ ப்வாத்வேனும் கிராமம் கிராமமாகப் போய்த் திருகைப் பாட்டுகளைச் சேர்த்தார்கள். லட்சத்துக்கு மேற்பட்ட பாட்டுகள், பாடினவர் பெயரோடும் ஊரோடும். பீட் மாவட்டத்தின் மாஜல்காவ்ன் பீம்நகரில் தலித் பெண்கள் திருகை சுற்றிக்கொண்டே பாபாசாகேபைப் பாடினதும் அதில் இருக்கிறது. ஜனியின் திருகையில் விட்டலன் உட்கார்ந்த இடத்தில் அம்பேத்கர் வந்து உட்கார்ந்திருக்கிறார். நம் பக்கத்திலேயே, புதுச்சேரிக் கிராமத்துப் பறையர் பெண் வீராம்மா சொன்ன வாழ்க்கையும் பாட்டும் 1995இல் பாரிசில் நூலானபோது, பதிவு செய்த ரசீன் தம்பதியரோடு அவர் பெயரும் ஆசிரியராக அட்டையில் ஏறியது. தகவல் சொன்னவர் என்று அடிக்குறிப்பில் தள்ளப்படவில்லை.

நாங்கள் சாயங்காலக் கூட்டத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பாடுகிறதைப் பாடுகிறபடியே எழுதுகிறோம். சொல்லைத் திருத்துவதில்லை. வசையை வெட்டுவதில்லை. மேலே பாடினவர் பெயர். ஆனால் பெயர் என்றதும் பாதிப்பேர் தயங்குகிறார்கள். "வேல பாக்குற வூட்டுல தெரிஞ்சா?" என்கிறார்கள். நியாயமான பயம். பெயர் போடுவது உரிமை என்று நாம் மேடையில் பேசலாம். அந்தப் பெயருக்கு மறுநாள் வேலை போனால் அரிசி வாங்கித்தருவது யார்? அதனால் பாட்டைத் தொகுக்கிற வேலையும் சங்கம் கட்டுகிற வேலையும் இரண்டல்ல. கூலியும் பாதுகாப்பும் இருக்கிற இடத்தில்தான் வேலைக்காரி தன் பெயரைத் தைரியமாகச் சொல்வாள். இலக்கியம் படிக்கிற மாணவர்களும் எழுதுகிறவர்களும் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

எங்கம்மா அறிவொளி இயக்க வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்றவள். தோட்டுப் பாட்டுக்கு மேலே அவள் பெயரை எழுதப்போனேன். "இப்ப வேணாம். இன்னும் ரெண்டு வூட்டுக்குப் போயிட்டிருக்கேன்ல" என்றாள். அந்தப் பக்கத்தில் பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். வேலையை விடுகிற அன்றைக்குத் தானே போடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.